ஊற வைக்காத சுவர்

அவளை எல்லோரும் சோடா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா சோடாக் கடை வைத்திருந்தார், அதனால் வந்த பெயர் என்று அவள் சொல்வாள். லேசாகக் குலுக்கினாலே பொங்கிவிடுவாள், அதனால் வந்த பெயர் என்று மற்றவர்கள் சொல்வார்கள். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை.

அவள் சித்தாள். கட்டட வேலையில் இரண்டே சாதி: கட்டுகிற கொத்தனார், கொண்டுவந்து கொடுக்கிற சித்தாள். ஆண்பிள்ளையும் சித்தாளாகத்தான் வந்து சேருவான். ஆனால் இரண்டு வருடத்தில் யாராவது அவன் கையில் கரண்டியைக் கொடுத்து, "இந்த மூலையைப் பிடிச்சுப் பாருடா" என்று சொல்லிவிடுவார்கள். பெண்பிள்ளை பதினாறு வயதில் சித்தாளாக வருவாள், அறுபது வயதில் முட்டியைப் பிடித்துக்கொண்டு சித்தாளாகவே வீட்டுக்குப் போவாள். இப்படி எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலாவது கிழித்துப் போடலாம்.

ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். கல் கனம், பெண்ணால் முடியாது. இதைச் சொல்கிற கொத்தனார் சாரத்தில் நின்றுகொண்டு ஒரு கையால் ஒரு செங்கல்லை எடுப்பார். அந்தச் செங்கல்லை இன்னும் எட்டுப் பத்துக் கல்லோடு சேர்த்து மூன்று மாடி தலையில் சுமந்துவந்தவள் பக்கத்திலேயே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பாள். அவளைப் பார்த்துக்கொண்டேதான் கல் கனம் என்பார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. சோடாவுக்கு மட்டும் தோன்றியது, ஆனால் சிரிப்பு வரவில்லை.

இருபத்திரண்டு வருடம் சுமந்தவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். ஒரு சுவர் கட்ட வேண்டும், கட்டுகிறவளாகவே இருக்க வேண்டும். எப்படிக் கட்டுவது என்பது அவளுக்குத் தெரியும். கண் இருக்கிறது, இருபத்திரண்டு வருடம் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள், வேறென்ன வேண்டும்? சாப்பாட்டு நேரத்தில் கொத்தனார்கள் கீழே இறங்கியதும் அவர்கள் கரண்டியை எடுத்து நான்கு கல் வைத்துப் பார்ப்பாள். மேஸ்திரி திரும்பி வந்ததும் அந்த நான்கையும் காலால் தட்டிவிடுவார். கோணலாக இருந்ததால் அல்ல. அவள் வைத்ததால்.

மேஸ்திரி கெட்டவர் என்று சொல்ல முடியாது. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார். அவருக்கு ஒரு விஷயம் புதிதாக இருந்தால் மட்டும் உடம்பெல்லாம் எரியும், அவ்வளவுதான்.

அப்படிப் புதிதாக ஒன்று வந்து இறங்கியது. நாலு மாடி விடுதி ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். தூணும் தளமும் முடிந்து, உள்ளே அறை அறையாகத் தடுக்க வேண்டிய கட்டம். லாரி நிறைய வெள்ளையும் சாம்பலும் கலந்த நிறத்தில் பெரிய பெரிய பிளாக்குகள் வந்தன. ஒவ்வொன்றும் ஆறு செங்கல்லைச் சேர்த்து ஒட்டினாற்போல. சோடா இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து ஒன்றைத் தூக்கினாள். எதிர்பார்த்த கனத்தில் பாதிகூட இல்லாததால் பிளாக் நெற்றிக்கு மேலே போய்விட்டது, அவள் பின்னால் சாயப் பார்த்தாள். கூட வேலை செய்கிற குச்சி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

குச்சியும் சித்தாள்தான், சோடாவின் வயதுதான். உடம்பைப் பார்த்து வைத்த பெயர். இருவரும் ஒரே வருடத்தில் வேலைக்கு வந்தவர்கள்.

"என்னடி இது, உள்ள ஒண்ணுமே இல்லையா?" என்றாள் குச்சி.

"காத்துதான் இருக்கு" என்றாள் சோடா. உடைந்த ஓரத்தைத் திருப்பிப் பார்த்திருந்தாள். உள்ளே பொடிப் பொடியாகத் துளை. அவளுக்கு அது ஏற்கெனவே பழகிய முகமாகத் தெரிந்தது.

தெரியாமல் என்ன? அவள் பிறந்த வீட்டில் தண்ணீருக்குள் காற்றை அடைத்து விற்றார்கள், புகுந்த வீட்டில் மாவுக்குள் காற்றை ஏற்றி விற்கிறார்கள். நாத்தனார் பேக்கரி வைத்திருக்கிறாள், வீடும் அடுப்பும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். சோடாவில் காற்றை எடுத்துவிட்டால் வெறும் தண்ணீர், ரொட்டியில் காற்றை எடுத்துவிட்டால் செருப்பு. இதையெல்லாம் அவள் யாரிடமும் படிக்கவில்லை, இரண்டு வீட்டிலும் கழுவித் துடைத்தே தெரிந்துகொண்டாள்.

வியாழக்கிழமை பிளாக் கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒரு தம்பி வந்தான். கொத்தனார்களை வரிசையாக நிற்க வைத்து, இதை எப்படிக் கட்டுவது என்று காட்டினான். சிமென்ட், சுண்ணாம்பு, சாம்பல், தண்ணீர் எல்லாம் கலந்து, ஒரு சிட்டிகை அலுமினியப் பொடி போட்டால் கலவைக்குள் வாயு கிளம்பும், தட்டில் ஊற்றினால் ரொட்டி மாவு மாதிரி பொங்கி எழும், எழுந்ததைக் கம்பியால் துண்டு போட்டு ஆவியில் வேக வைப்பார்கள் என்றான்.

"அப்ப இது ரொட்டிக்கல்லா? தொட்டுக்க ஏதாவது உண்டா?" என்றார் மீசைக் கொத்தனார். அங்கே இருந்த ஆறு கொத்தனார்களில் மூத்தவர். எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தம்பியும் பாவம், சேர்ந்து சிரித்தான்.

பிறகு முக்கியமான விஷயத்துக்கு வந்தான். முதல் வரிசையை மட்டும் சிமென்ட் கலவையில் வைத்து மட்டம் பிடிக்க வேண்டும். அதற்கு மேலே கலவை கிடையாது, பல் வைத்த கரண்டியால் பசையை மெல்லிசாக இழுக்க வேண்டும், அரிசி கனம் இருந்தால் போதும். வெட்ட வேண்டுமானால் ரம்பத்தால் அறுக்கலாம், தட்ட ரப்பர் சுத்தியல். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. இதைச் செங்கல் மாதிரி தண்ணீரில் ஊறப் போடக் கூடாது. ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தால் போதும். ஊறினால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர மாதக்கணக்காகும், வரும்போது கல் சுருங்கும், சுருங்கும்போது சுவர் வெடிக்கும்.

கொத்தனார்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மேஸ்திரி இரண்டு முறை கொட்டாவி விட்டார். பின்னால் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற சோடா ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். முதல்முறையாக ஒரு வேலை வந்திருக்கிறது, அதில் அங்கே நிற்கிற எவனுக்கும் இருபது வருடத்துக் கை கிடையாது. மீசைக்கும் இது இன்றுதான் முதல் நாள், அவளுக்கும் இன்றுதான் முதல் நாள்.

அன்றைக்கே உடைந்த துண்டுகள் நாலைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். தம்பி கொடுத்துவிட்டுப் போன பசைப் பொட்டலத்தில் மிச்சமிருந்ததையும் விடவில்லை. இரண்டு துண்டை வாளித் தண்ணீரில் ஒரு நாள் முழுக்கப் போட்டு வைத்தாள், இரண்டைத் துணியால் துடைத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊறினதை ஊறினதோடும் துடைத்ததைத் துடைத்ததோடும் ஒட்டி, நாத்தனாருடைய பேக்கரி அடுப்பின் மேல் கதகதப்பில் காய வைத்தாள்.

"இது என்னடி, என் அடுப்பு மேல செங்கல் சூளை?" என்றாள் நாத்தனார். "பன்னுல மண்ணு விழுந்துச்சுன்னா உன் வாயிலதான் திணிப்பேன்."

"விழாது அண்ணி. ரெண்டு நாள் பொறுத்துக்கோங்க."

"தண்ணியில போட்டியா இதை? பார்த்தாலே தெரியலையா? ரஸ்க்க டீயில முக்கினா உடனே குடிக்குதே, ஏன்? உள்ள காத்து இருந்த இடமெல்லாம் காலி. காலியா இருக்கற இடத்துல தண்ணி போய் உக்காந்துக்கும். அப்புறம் அது சும்மா எழுந்து போகுமா?"

ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது துடைத்து ஒட்டிய ஜோடியைப் பிரிக்க முடியவில்லை. ஊற வைத்த ஜோடியில் ஒட்டிய இடத்தையொட்டி மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது. நகத்தை வைத்து நெம்பியதும் வாயைப் பிளந்துகொண்டது. நாத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு, "சொன்னேன்ல" என்றாள். இந்த உலகத்தில் எதைக் கண்டுபிடித்தாலும் நாத்தனார் முன்பே சொன்னதாகத்தான் இருக்கும்.

திங்கட்கிழமை சாயங்காலம் மேஸ்திரி வந்து, "எல்லா பிளாக்கையும் தொட்டியில போடு. காலையில எடுத்தா சரியா இருக்கும்" என்றார். கல்லை ஊறப் போடுவது சித்தாள் வேலை. எந்தக் கட்டடத்திலும், எந்தக் காலத்திலும், கட்டுவதற்கு முந்தின சாயங்காலம் செங்கல்லைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். ஊறாத செங்கல் கலவையிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சிவிடும். அந்தப் பழக்கம் சரிதான், செங்கல்லுக்குச் சரி.

"ஊற வைக்கக் கூடாதுன்னு அந்தத் தம்பி சொன்னாரே" என்றாள் சோடா.

"எந்தத் தம்பி?"

"டை கட்டிக்கிட்டு வந்தாரே. நீங்ககூடக் கொட்டாவி விட்டுக்கிட்டு நின்னீங்களே."

மேஸ்திரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "முப்பது வருஷமா கட்டறேன். டை கட்டினவன் வந்து எனக்குச் சொல்லணுமா? தொட்டியில போடு."

"நான் போட மாட்டேன்."

"என்னது?"

"போட மாட்டேன். சுவர் வெடிக்கும்னு தெரிஞ்சே என் கையால போட மாட்டேன். வேற யாரையாவது சொல்லுங்க."

இருபத்திரண்டு வருடத்தில் அவள் கோபப்பட்டிருக்கிறாள், முணுமுணுத்திருக்கிறாள், சட்டியை ஓங்கி வைத்திருக்கிறாள். முடியாது என்று சொன்னது இதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு இரண்டு காலையும் அகட்டி வைத்துக்கொண்டாள்.

கொத்தனார்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். மீசை, "அவ்ளோ தெரிஞ்சவங்கன்னா அவங்களே கட்டட்டுமே மேஸ்திரி" என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் கேலி மேஸ்திரிக்குப் பிடித்துப்போயிற்று.

"சரி, கட்டு" என்றார். "ரெண்டாவது மாடியில சாமான் ரூம் இருக்குல்ல, அதோட சுவர் ஒண்ணு. மூணு நாள். நீ மட்டும். ஒருத்தரும் கை கொடுக்கக் கூடாது. சுவர் நின்னா உனக்குக் கரண்டி. இல்லைன்னா நாலாவது நாள் இங்க மட்டுமில்ல, என் வேலை எங்க நடந்தாலும் அந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது."

"சரி" என்றாள் சோடா. யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார். வேன் ஓட்டுகிறவர், ஹாரன்கூட அடிக்க யோசிப்பார்.

"வம்பு இல்ல. வேலை" என்று சொல்லிவிட்டு அவள் படுத்துத் தூங்கினாள்.

முதல் நாள் முழுக்க ஒரே ஒரு வரிசைதான். பன்னிரண்டு அடி நீளம், ஆறு பிளாக். தளம் ஒரு பக்கம் விரலளவு இறங்கியிருந்தது, அதைக் கலவையில் சரிக்கட்ட வேண்டும். பசைக்குக் கனம் கிடையாது, கீழே பிசகினால் மேலே மறைக்க வழி இல்லை. வைத்தாள், ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். ரசமட்டத்துக் குழாயில் இருக்கிற குமிழி இருக்கிறதே, அதைப் போல ஒரு பிடிவாதக்காரி உலகத்தில் கிடையாது. மத்தியானம் மீசை வந்து கதவோரம் நின்று எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு... ஆறு. இந்த வேகத்துல போனா விடுதிக்குப் பசங்க வந்து, படிச்சு முடிச்சு, கல்யாணமே ஆயிடும்."

அவள் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் கையிலிருந்த ரப்பர் சுத்தியல் பறந்திருக்கும்.

இரண்டாம் நாள் காலையில் அவளே ஒரு தப்புச் செய்தாள். வேகமாக முடிக்க வேண்டும் என்ற பதைப்பில் வாளி நிறையப் பசையைக் கலந்துவிட்டாள். பாதி வாளி தீர்வதற்குள் பசை இறுக ஆரம்பித்தது. இறுகினதில் தண்ணீர் விட்டுக் கிளறி, அந்தப் பசையிலேயே மூன்று பிளாக்கை வைத்தும்விட்டாள். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. அடுத்த அறையில் தட்டுமுட்டுச் சத்தம், யாரும் பார்க்கவில்லை. விட்டுவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? மூன்றையும் பெயர்த்தெடுத்து, சுரண்டி, துடைத்து, புதுப் பசையில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுரண்டின தூசியால் என்று வைத்துக்கொள்ளலாம். அவள் அப்படி வைத்துக்கொள்ளவில்லை, நன்றாக அழுதாள், அழுதுகொண்டே அடுத்த பிளாக்கை வைத்தாள்.

யாரும் கை கொடுக்கக் கூடாது என்று மேஸ்திரி சொன்னார், வாய் கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. குச்சி அரை மணிக்கொரு தரம் தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள். "மணி பத்தரை" என்பாள். போய்விட்டு வந்து "மணி பதினொண்ணு" என்பாள். பசையை எப்போது புதிதாகக் கலக்க வேண்டும் என்று அதன் பிறகு சோடா யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"இத்தனை தண்ணி குடிச்சா நான் சுவர் கட்டறதா, வேற வேலை பாக்கறதா?" என்றாள் சோடா.

"குடிக்காத. கையில வாங்கு, கீழ ஊத்து" என்றாள் குச்சி.

மூன்றாம் நாள் சாயங்காலம் பதின்மூன்று வரிசை முடிந்து, உத்தரத்துக்கடியில் கடைசி வரிசையைப் பாதி உயரத்துக்கு ரம்பத்தால் அறுத்து நுழைத்தாள். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். மேஸ்திரி தூக்குக்குண்டை எடுத்துவந்து மேலிருந்து விட்டுப் பார்த்தார். இந்த மூலை, அந்த மூலை, நடுவில். ரசமட்டத்தை நாலு இடத்தில் வைத்தார். தோளால் ஒரு இடி இடித்தார். சுவர் அசையவில்லை, மேஸ்திரிதான் தோளைத் தடவிக்கொண்டார்.

"ம், நிக்குது" என்றார்.

"அப்ப கரண்டி?"

"பார்க்கலாம். புதுச் சுவர்னா எல்லாம்தான் நிக்கும். காயட்டும். நாளைக்குக் கீழ சட்டி வேலை நிறைய இருக்கு, நேரத்தோட வா."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்ன வார்த்தைக்கு அவ்வளவுதான் ஆயுள். சோடா அந்தச் சுவரின் மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அவரையும் அவர் வம்சத்தையும் மனசாரத் திட்டினாள். அவள் திட்டியதை இங்கே எழுத முடியாது. எழுதினால் நன்றாகத்தான் இருக்கும்.

மறுநாள் வேலைக்கு வந்தாள். வராமல் இருந்தால் தோற்றுப்போய் ஓடிவிட்டாள் என்பார்கள், அந்த சந்தோஷத்தை அவர்களுக்குக் கொடுப்பதாக இல்லை. சட்டி தூக்கினாள், பிளாக் தூக்கினாள். தொட்டிப் பக்கம் மட்டும் போகவில்லை. மேஸ்திரியும் அவளிடம் சொல்லவில்லை, வேறு ஆட்களை வைத்து ஊறப் போட்டார். மற்ற சுவர்களெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்த பிளாக்கில், விரல் கனத்துக்குக் கலவை வைத்து, செங்கல் கட்டுகிற மாதிரியே எழும்பின. மடமடவென்று இரண்டு மாடி முடிந்தது. பூச்சும் முடிந்தது. பூசிய பிறகு அவள் சுவரும் மற்ற சுவர்களும் ஒரே மாதிரி இருந்தன. பார்க்கிறவர்களுக்கு எது எதென்று தெரியாது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

ஏழெட்டு வாரம் போயிற்று. முதலில் குச்சிதான் பார்த்தாள். முதல் மாடியில், ஜன்னல் மூலையிலிருந்து ஒரு கோடு. படிக்கட்டு மாதிரி ஒரு பிளாக் இறங்கி, ஒரு பிளாக் பக்கவாட்டில் போய், மறுபடி இறங்கியது. அடுத்த அறையில் இன்னொன்று. ஒரு வாரத்தில் பென்சிலை நுழைக்கிற அளவு அகலமாயிற்று. மேஸ்திரி பூச்சு சரியில்லை என்று சொல்லி மேலே பூசச் சொன்னார். பூசின இடத்திலேயே அது மறுபடி எட்டிப் பார்த்தது.

இன்ஜினியர் வந்தார். மாதம் ஒரு முறை வருகிறவர், அதிகம் பேசாத மனிதர். சாவிக்கொத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே ஒவ்வொரு அறையாகப் போனார். விரிசல் கண்ட சுவரிலெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டார். பின்னாலேயே மேஸ்திரி, அவருக்குப் பின்னால் கொத்தனார்கள். சாமான் அறைக்கு வந்ததும் இன்ஜினியர் சோடா கட்டிய சுவரைத் தட்டினார், குனிந்து பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"இதுல ஒரு கோடுகூட இல்லையே. இது யார் கட்டினது?"

சோடா வாசலில் பூச்சுக் கலவைச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். மேஸ்திரி அவளைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு இன்ஜினியர் பக்கம் திரும்பி, "நம்ம பசங்கதான் சார். இதோ, மீசை" என்றார்.

மீசைக் கொத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் மறுக்கவில்லை.

"நல்லா கட்டியிருக்கீங்க" என்றார் இன்ஜினியர். "குறி போட்ட சுவரையெல்லாம் இடிச்சுட்டு இதே மாதிரி கட்டணும். இதை எப்படிக் கட்டினீங்க? மத்தவங்களுக்கும் சொல்லுங்க."

மீசை தொண்டையைச் செருமினார். முப்பது வருடப் பழக்கம் அவர் வாயைத் திறந்து பேசியது. "அது ஒண்ணுமில்ல சார். கல்லை நல்லா ஒரு நாள் பூரா ஊற வெச்சு..."

"ஊற வெச்சா?" என்றார் இன்ஜினியர்.

சோடா சட்டியைக் கீழே வைத்தாள். ஓங்கி வைக்கவில்லை, மெதுவாகத்தான் வைத்தாள்.

"சார், நான் கட்டினது" என்றாள். "ஊற வைக்கல. ஈரத் துணியால துடைச்சேன், அவ்ளோதான். முதல் வரிசை மட்டும்தான் கலவை, தளம் அந்தப் பக்கம் விரல் கனம் இறங்கியிருந்துச்சு, அதைச் சரிக்கட்டினேன். மேல எல்லாம் பசை. பசையை அரை மணி நேரத்துக்கு வேண்டியதைத்தான் கலக்கணும், ஜாஸ்தி கலந்தா இறுகிடும், நான் ஒரு தடவை கலந்துட்டு மூணு கல்லைப் பேர்த்து எடுத்தேன். மேல கடைசி வரிசை பாதிக் கல். வேணும்னா அங்க கொஞ்சம் பூச்சை உரிச்சுப் பாருங்க, ரம்பத்தால அறுத்தது தெரியும்."

இன்ஜினியர் மீசையைப் பார்த்தார். மீசை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அவரைப் பற்றி ஒரு நல்லது சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்லலாம், தலையைத் தூக்காமலே, "அவதான் சார் கட்டினா. மூணு நாள். நான் நின்னு சிரிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

இன்ஜினியர் மேஸ்திரியிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே போதுமானதாக இருந்தது. "நாளையிலேர்ந்து இந்த அம்மா சொல்ற மாதிரி கட்டுங்க" என்று மட்டும் சொன்னார்.

"அதுக்கென்ன சார்" என்றார் மேஸ்திரி, குரலைச் சரி செய்துகொண்டு. "நம்ம சித்தாள்தானே. கூட நின்னு சொல்லிக் கொடுப்பா."

"சித்தாள் சொல்லிக் கொடுக்க மாட்டா" என்றாள் சோடா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"சித்தாள் சட்டி தூக்குவா, கல் தூக்குவா. சொல்லிக் கொடுக்கறது அவ வேலை இல்ல. இருபத்திரண்டு வருஷமா நீங்கதான் மேஸ்திரி அதைச் சொல்லிக்கிட்டிருக்கீங்க. நான் இந்தச் சட்டியை இப்ப எடுத்தா, நாளைக்குக் கலவை வரும், கல் வரும், ஒரு வார்த்தை வராது. அவங்க மறுபடி ஊறப் போடட்டும், மறுபடி வெடிக்கட்டும், மறுபடி இடிக்கட்டும். எனக்கென்ன, சுமக்கறதுக்கு வேலை இருந்துக்கிட்டே இருக்கும். சுவர் நின்னா கரண்டின்னு சொன்னீங்க. நின்னுச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

இவ்வளவு நீளமாக அவள் அவரிடம் பேசியதே இல்லை. மேஸ்திரியின் கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு பக்கம் இன்ஜினியர் பென்சிலோடு நிற்கிறார், மறுபக்கம் சுவர் நிற்கிறது. இரண்டில் ஒன்றாவது கீழே விழுந்திருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நின்னுச்சு" என்றார்.

"அப்ப நான் யாரு?"

"கொத்தனார்தான் போ" என்றார். எச்சில் விழுங்குவது போல விழுங்கிவிட்டுச் சொன்னார். சொன்னது சொன்னதுதான், அறையில் பத்துப் பேர் கேட்டார்கள்.

சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டாள். ரொட்டிக்கல் மாதிரி அல்ல, செங்கல் மாதிரி.

மேஸ்திரிக்கு விட்ட இடத்தைக் கொஞ்சமாவது பிடிக்க வேண்டும் போலிருந்தது. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரிய மனசு பண்ணுகிற குரலில், "சரி, கொத்தனார்னா ஒரு சித்தாள் தரணும். அதுதான் முறை. யாரு வேணும்னு நீயே சொல்லு" என்றார்.

வாசலுக்கு வெளியே ஏழு பெண்கள் நின்றிருந்தார்கள். எல்லார் தலையிலும் சும்மாடு, எல்லார் இடுப்பிலும் சட்டி. யாருடைய பெயரை அவள் சொன்னாலும் நாளையிலிருந்து அந்தப் பெண் அவளுக்குக் கல் சுமப்பாள். அவள் கேட்டால் தண்ணீர் கொண்டுவருவாள், அவள் கூப்பிடுகிற குரலுக்கு ஓடி வருவாள். இருபத்திரண்டு வருடம் எதைப் பார்த்துப் பல்லைக் கடித்தாளோ அதையே ஒரு பரிசு மாதிரி நீட்டுகிறார். சோடாவுக்கு அது உடனே புரிந்தது. கோபம்கூட வரவில்லை, தெளிவாக இருந்தது.

"சித்தாள் வேணாம்" என்றாள். "என் கல்லை நான் தூக்கிக்குவேன், அது ஒண்ணும் கனம் இல்ல. எனக்கு இன்னொரு கொத்தனார்தான் வேணும். மட்டம் பார்க்கற நூலுக்கு அந்த முனையைப் பிடிக்க ஆள் வேணும்ல."

மேஸ்திரி மீசையைப் பார்த்தார். மீசை, வேறு வழியில்லாமல், ஓரடி முன்னே வந்தார்.

"அவர் இல்ல" என்றாள் சோடா. வெளியே போய், குச்சியின் இடுப்பிலிருந்த சட்டியை வாங்கித் தரையில் கவிழ்த்தாள். குச்சி என்ன நடக்கிறது என்று தெரியாமல் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள். சோடா அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, மேஸ்திரிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"இவ" என்றாள்.